வாத்துக் கரை

பழைய பருத்திப் புடவை ஒன்றை நாலாக மடித்துத் தைத்து, பிறக்கப்போகும் குழந்தைக்கு விரிப்பு தயாராகியிருந்தது. அதன் ஓரத்தில் வைத்துத் தைக்க, மஞ்சள் வாத்துகள் வரிசையாக நடக்கும் துணிக்கரை ஒன்றும் வந்து சேர்ந்தது. ஊசி ஒரு பக்கத்தை முடித்து மூலையில் திரும்பியதும் கரை தடுத்தது.

“ஊசியண்ணே, மடிப்புல ஒரு வாத்துக்குக் கழுத்து உள்ள போயிடுச்சு. பிரிச்சிடுங்க.”

ஊசி பிரித்துவிட்டு மறுபடி தைத்தது. இந்த முறை கழுத்து வெளியே வந்தது, அலகு உள்ளே போனது. அதையும் பிரிக்கச் சொன்னது கரை.

இதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. அதை ஒரு முரட்டுத் துண்டில் கிடத்தியிருந்தார்கள்.

“கரை இல்லாமலே நான் போறேனே. பிள்ளைக்கு முதுகு சிவந்து கிடக்கு,” என்றது விரிப்பு.

“நாலு பேர் வந்து பார்க்கிற இடம் அக்கா. அரைகுறையாவா போவீங்க?” என்றது கரை.

ஊசி அடுத்த மூலையைப் பிரித்தது.

கடைசியில் நான்கு மூலையிலும் வாத்துகள் தலையும் அலகுமாக நின்றன. விரிப்பைத் தரையில் போட்டு நடுவில் குழந்தையை விட்டார்கள். குழந்தை குப்புறக் கவிழ்ந்தது. கையை ஊன்றி, வாத்துகளின் மேலேயே தவழ்ந்து, வெறுந்தரைக்குப் போய் அங்கே கிடந்த கரண்டியை எடுத்துத் தட்டத் தொடங்கியது.

விரிப்பு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

“பார்த்தீங்களா அக்கா,” என்றது கரை, “ஒரு வாத்துகூடக் கசங்கலை.”