ரோஸ் அட்டை

ஜூன் மாத ஃபைல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இடைவெளி.

உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். தூசிதான் ஒட்டியது.

பிரஸ் மெஷினின் பாதுகாப்புத் தடுப்பு உடைந்திருக்கிறது என்று, விபத்துக்கு முன்பே தொழிலாளி எழுதிக்கொடுத்த புகார் அதில்தான் இருந்தது. அது கிடைத்தால், சொல்லியும் சரிசெய்யாதவர் மாட்டுவார். கிடைக்காவிட்டால், விபத்தில் கையை இழந்த அவன்மேலேயே தப்பைப் போட்டு, நான் நடத்தும் விசாரணையை மூடிவிடுவார்கள்.

ரெக்கார்டு ரூம்காரர் கதவோரம் நின்றார். கம்பெனியில் அவரைப் 'பூட்டு' என்றுதான் சொல்வோம். ஃபைலை எடுப்பவர் ஒரு ரோஸ் அட்டையில் கையெழுத்துப் போட்டு, ஃபைல் இருந்த இடத்தில் செருகிவிட்டுத்தான் நகர முடியும். முதலாளியையே போடவைத்த மனிதர்.

இங்கே அட்டை இல்லை. ஆனால் அது நின்ற தடம், தூசிக்கு நடுவே மெல்லிய கோடாகத் தெரிந்தது.

யாரோ இப்போதுதான் உருவியிருக்கிறார்கள். அறைச் சாவி இவரிடம் மட்டுமே.

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஃபைலைக் காணோம் என்று நேற்றே தகவல் வந்திருந்தது. காலையில் என் வீட்டுக்காரர்கூடச் சொன்னார். "அந்தப் பூட்டோட வேலையாத்தான் இருக்கும். எழுதிக் குடுத்துட்டு சீக்கிரம் வா." இருபது வருடமாக இதே கம்பெனியில் இருப்பவர், ஆட்களைத் தெரியும்.

பூட்டு என் முகத்தைப் பார்க்கவே இல்லை. சட்டைப்பையை ஒரு கையால் பொத்திக்கொண்டிருந்தார். அசல் திருட்டு முழி.

அவருடைய சஸ்பென்ஷன் உத்தரவை மேஜையில் வைத்தேன். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"பையில என்ன? எடுங்க."

"வேண்டாம்மா. பழி என்மேலயே இருக்கட்டும். எனக்கு இன்னும் ரெண்டு மாசந்தான் சர்வீஸ்."

நீட்டிய கையை நான் மடக்கவில்லை.

ரோஸ் அட்டையை எடுத்துத் தந்தார்.

விபத்து நடந்த மறுநாள் தேதி. கீழே ஒரு கையெழுத்து. பெயரைப் படிக்க வேண்டியிருக்கவில்லை.

மாதாமாதம் மகளின் ரிப்போர்ட் கார்டில், என் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான்.

உத்தரவில் இருந்த பூட்டின் பெயரைக் கோடிட்டு அடித்தேன். அட்டையை என் ஃபைலுக்குள் வைத்தேன். எழுந்தவள், கதவு வரை போய்த் திரும்பி வந்தேன்.

"எனக்கும் ஒரு ரோஸ் அட்டை குடுங்க. இத நான் எடுத்துட்டுப் போறேன்ல?"