ரோஸ்வித்தாவின் செருப்பு

“பதினோரு பக்கம். ஒரு கமா கூட மாறல” என்றார் பேராசிரியர் ஹார்ட்விக். தன் புத்தகத்தையும் டில்மனின் ஆய்வேட்டையும் மேஜையில் அருகருகே விரித்து வைத்தார். இரண்டிலும் ஒரே வரிகளுக்கு மஞ்சள் பூசியிருந்தது.

விசாரணைக் குழுவின் தலைவர் லோமன் அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். “திருட்டுன்னு முடிவானா பட்டம் கிடையாது. இங்க இனிமே படிக்கவும் முடியாது. தெரியும்ல?”

“தெரியும் மேடம்.”

“நீங்களே எழுதினதா?”

“இல்ல. பார்த்து எழுதினதுதான்.”

ஹார்ட்விக் சிரித்தார். “காபி ஆறறதுக்குள்ள தம்பியே ஒத்துக்கிட்டான்.”

“மனைவி இறந்து ஏழு மாசம்னு விண்ணப்பத்துல பார்த்தேன்” என்றார் லோமன். “அந்தக் கஷ்டத்துல செஞ்சதா?”

“இல்ல மேடம். தெளிவாத்தான் செஞ்சேன்.”

சுண்டுவிரலில் பாதி வரை மட்டுமே ஏறியிருந்த சின்ன மோதிரத்தை அவன் திருகிக்கொண்டிருந்தான். எதிரே ஒரு பச்சைக் கோப்பு. வந்ததிலிருந்து அதைத் திறக்கவில்லை. லோமனின் சந்தேகப் பார்வை அதன் மேலேயே போய்ப் போய் வந்தது.

“அப்படி என்ன இருக்கு அந்தப் பதினோரு பக்கத்துல?”

“டான்யூப் நதியைப் பத்தி நம்ம பழைய கவிஞர் எழுதின பாட்டு” என்றார் ஹார்ட்விக். “ஆறு தான் பிறந்த ஊற்றை விட்டுப் போகத் தயங்குது, பின்னாலயே போற மாதிரி இருக்குன்னு அதுக்கு உரை எழுதின ஒரு தத்துவஞானி சொல்றார். நான் சொல்றது, பின்னால போகல, கீழ போகுது. இம்மெண்டிங்கன்கிற ஊர்ப் பக்கம் கோடையில ஆறே மண்ணுக்குள்ள இறங்கிடும். இத்தனை பேர் படிச்சாங்க, ஒருத்தருக்கும் தோணல.”

“அது இறங்கற குழிக்கு ஒரு பேர் போட்டிருக்கீங்களே சார்” என்றான் டில்மன்.

“ரோஸ்வித்தாவின் செருப்பு.”

“யாரு ரோஸ்வித்தா?” என்று கேட்டார் லோமன்.

“நீர்த்தேவதை மேடம். சர்ச்செல்லாம் வர்றதுக்கு முந்தினவ. அவளுக்குன்னே மூணு பக்கம் எழுதியிருக்கேன். அதை மட்டும் தம்பி விட்டுட்டான். புரிஞ்சிருக்காது.”

“அந்தப் பேர் எங்க கிடைச்சுது சார்?”

“நானே போய் ஊர்க்காரங்க வாயால கேட்டது. விசாரணை உனக்கா, எனக்கா?”

டில்மன் குறிப்பெடுக்கும் பெண்ணைப் பார்த்தான். “இதையும் எழுதிட்டீங்களா?”

அவள் தலையாட்டினாள்.

அவன் கோப்பைத் திறந்தான். பழுப்பேறிய ஆய்வுப் பக்கங்கள். ஓரமெல்லாம் ஹார்ட்விக்கின் சிவப்பு மை. முதல் பக்கத்தில் ‘உதவாது’ என்ற அவர் கையெழுத்தும் தேதியும். புத்தகம் வெளிவந்ததற்கு இரண்டு வருடம் முந்தைய தேதி. எழுதியவர் பெயரை லோமன் இரண்டு முறை படித்தார்: ரோஸ்வித்தா.

பக்கங்களுக்கு நடுவே ஒரு புகைப்படம் இருந்தது. வறண்ட ஆற்றில், ஒரு குழியின் ஓரத்தில், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அழுதுகொண்டு நிற்கிறாள். ஒரு காலில் மட்டும்தான் செருப்பு.

“அவ தேவதை இல்ல சார்” என்றான் டில்மன். “என் பொண்டாட்டி.”