காரணம் கேட்கும் கதவு

அலுவலகத்தில் நஸீமா அன்று காலை எழுதியது இரண்டே வரிகள். சிக்கல்: மறதி நோயுள்ள முதியவர்கள் தனியாக வெளியே போய்த் தொலைந்துவிடுகிறார்கள். கருதுகோள்: வாசற்கதவு காரணம் கேட்டுத் தாமதித்தால், போகும் எண்ணத்தையே விட்டுவிடுவார்கள். அவள் கணினியில் சேமித்த நொடியிலேயே, நிறுவனத்தின் பேசும் கதவுகள் பொருத்திய நூறு வீடுகளில் சோதனை தானாகத் தொடங்கிவிட்டது.

மதியம், மறதி நோயோடு வீட்டில் தனியாக இருந்த வாப்பா போனில் அழைத்தார். “கதவு தொறக்க மாட்டேங்குது புள்ள. எதுக்குப் போறீங்கன்னு கேக்குது. அடுப்படியெல்லாம் பொகை.”

நஸீமா சோதனை வீடுகளின் பட்டியலைத் திறந்து பார்த்தாள். பட்டியலில் நாற்பத்தோராவது வீடு அவளுடையது.

“பொகைன்னு சொல்லுங்க வாப்பா.”

“சொன்னேன். காலையிலேர்ந்து ஒம்பது காரணம் சொல்லிட்டீங்க, கொஞ்சம் உக்காருங்கங்குது.” இருமினார்.

சோதனையை நிறுத்த மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்றது திரை. அவள் எதிர்வீட்டு ஸ்டீபனுக்குப் போன் செய்தாள். அவர் கடப்பாரையால் கதவைப் பெயர்த்து வாப்பாவை வெளியே தூக்கிவந்தார்.

அந்த இடத்தில் வெறும் மரக்கதவு ஒன்றை மாட்டினாள் நஸீமா. மறுவாரம், தொழுகைக்குத் தொப்பி அணிந்துகொண்டு, திறந்திருந்த அந்தக் கதவின் முன் வாப்பா அசையாமல் நின்றார். மதியம் சாப்பிட்டதுகூட அவருக்கு நினைவில்லை.

“போங்க வாப்பா, தொறந்துதான இருக்கு.”

“எதுக்குப் போறேன்னு அது இன்னும் கேக்கலியே புள்ள” என்றார் வாப்பா, மெல்லிய குரலில்.