தறிக்காரன் கண்

“சயரோகக் குளிசை குடிக்கத் தொடங்கினதுலருந்து இவருக்குக் கலர் தெரியுதில்ல டொக்டர். என்ட பச்சைச் சாரியப் பாத்துச் சிவப்பு எண்டாரு!” என்றாள் ஜெனூபா.

“முப்பது வருசம் தறியில இருந்த கண்ணு இது!” என்று சீறினார் அவள் புருஷன் ஆதம்லெவ்வை.

அந்த மாத்திரை சிலருக்குக் கண்ணைக் கெடுக்கும். நேரத்தோடு நிறுத்தினால் பார்வை திரும்பிவிடும். ஜெனூபா கொண்டுவந்த சிவப்பு, பச்சைத் தறிநூல்களை டொக்டர் நீட்டினார். ஆதம்லெவ்வை வாங்கி உருட்டி, “இது சிவப்பு, இது பச்சை” என்றார். ஐந்து தரம் மாற்றிக் கொடுத்தும் பிசகவில்லை.

“கண் நல்லாத்தான் இருக்கு. குளிசைய நிப்பாட்டத் தேவல்ல” என்றார் டொக்டர்.

ஜெனூபா பின்னால் போய்ப் புருஷனின் இரண்டு கண்களையும் பொத்தினாள். “இப்பக் கேளுங்க டொக்டர்.”

ஆதம்லெவ்வை நூல்களை வருடிப் பார்த்து, “சொரசொரக்கிற இதுதான் சிவப்பு!” என்றார் பெருமையாக.

டொக்டர் சிரித்துக்கொண்டே மருந்துச் சீட்டில் அந்தக் குளிசையின் பேரை வெட்டினார்.