ஏதென்ஸ் மரியாதை

“ஏதென்ஸ் பட்டணத்துல நான் பஸ்ஸுல ஏறுனா, நாப்பது பேரு நின்னுக்கிட்டே வருவான். எனக்கு மட்டும் ரெண்டு சீட்டு!”

சுடலைமுத்து இதைச் சொன்னபோது, டீக்கடைக்காரர் திம்மப்பன் ஆற்றிக்கொண்டிருந்த டீ பாதி அந்தரத்திலேயே நின்றுவிட்டது. ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் அதுவரை எந்த டீக்கடையும் இவ்வளவு பெரிய பொய்யைத் தாங்கியதில்லை.

சுடலைமுத்து திருநெல்வேலிப் பக்கத்து ஃபிட்டர். கம்பெனி அவரை ஒரு மெஷின் பூட்டுவதற்காக ஆறு வாரம் கிரீஸுக்கு அனுப்பியிருந்தது. திரும்பி வந்த நாளிலிருந்து அவர் வாயைப் பூட்டத்தான் ஆளில்லை.

“பக்கத்து சீட்டு காலியாவே வரும் அண்ணாச்சி. நிறைமாசப் புள்ளத்தாச்சி கூட கம்பியப் புடிச்சு நிப்பாளே தவிர, எம் பக்கத்துல உக்கார மாட்டா.”

அண்ணாச்சி என்றது ராஜப்பனை. உள்ளூர்க்காரர். நிலத்தில் வரிசையாக லைன் வீடுகள் கட்டி, கம்பெனி வேலைக்கு வந்த வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருப்பவர். சுடலைமுத்து இருபது வருஷமாகக் குடியிருப்பதும் அதில் ஒன்றில்தான்.

பெஞ்சில் சுடலைமுத்துவுக்குப் பக்கத்தில் ஒரு மாட்டையே கட்டலாம், அவ்வளவு இடம். ராஜப்பன் வழக்கம்போல் நின்றபடியேதான் டீ குடித்துக்கொண்டிருந்தார். மூன்று கரண்டி சர்க்கரை போட்ட டீ, அன்றைக்கு வேப்பெண்ணெயாகக் கசந்தது.

“கடைக்குள்ள போனா?” என்று திம்மப்பன் எடுத்துக் கொடுத்தார்.

“கடைக்காரன் கல்லாவ விட்டு எறங்கி வந்துருவான். நான் திரும்புற பக்கமெல்லாம் கூடவே வந்து, வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுட்டுத்தான் போவான்.”

“போலீஸு?”

“அதை ஏன் கேக்கீரு! சந்தியில நூறு பேரு போவான். அத்தனை பேரையும் விட்டுட்டு நேரா எங்கிட்டத்தான் வருவான். பாஸ்போர்ட்ட வாங்கி, போட்டோவ ஒருதரம், மூஞ்சிய ஒருதரம், மாத்தி மாத்திப் பாப்பான். கட்டுன பொண்டாட்டி கூட என்னைய அப்படிப் பாத்ததில்ல!”

ராஜப்பன் வயிற்றில் எரிந்த தீயில் திம்மப்பன் இன்னும் நாலு பாய்லர் தண்ணீர் கொதிக்க வைத்திருக்கலாம். இத்தனை வீடு கட்டி என்ன? ஓசூர் டவுன் பஸ்ஸில் அவருக்கு இதுவரை ஒரு பள்ளிக்கூடப் பையன்கூட எழுந்து இடம் கொடுத்ததில்லை.

“ஏம்பா முத்து, வாடகைக்கு இருக்கறவனுக்கு அங்க இவ்ளோ மரியாதையா? எம்மவன் சுரேந்தர் கிரானைட் ஆர்டர் பேச அடுத்த மாசம் அந்த ஊருக்குத்தான் போறான். நானும் போறேன். நீ சொன்னது பொய்னா, நான் வந்த மறுநாளே வீட்டைக் காலி பண்ணிடணும்!”

“நெசம்னா?”

“இதே கடையில, எல்லார் முன்னாலயும் ஒத்துக்கறேன்.”

விஷயம் கேள்விப்பட்ட சுடலைமுத்துவின் மனைவி காளியம்மாள் அன்றைக்கே பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். “இருந்த ஒரு வீட்டையும் வாயால கெடுத்துட்டீயளே! புள்ள பத்தாவது படிக்கான். இனிமே வீட்டுக்கு எங்க போவோம்?”

“ஏட்டி, அழாத. நான் சொன்னதுல ஒரு சொல்லு பொய் கெடையாது. அண்ணாச்சி போயிட்டு வரட்டும்” என்று சொல்லிவிட்டு சுடலைமுத்து குறட்டை விட்டார்.

ராஜப்பன் புறப்பட்டுப் போனார். புது கோட்டு, புது ஷூ, தலைக்கு இரண்டு டப்பா சாயம். வரும் மரியாதையை வைக்க ஒரு பெட்டி காலியாகக் கொண்டுபோனார் என்றுகூடச் சொன்னார்கள்.

பத்தாம் நாள் திரும்பி வந்தார். மறுநாள் காலை திம்மப்பன் கடை முன்னால் பாதி ஓசூர் கூடிவிட்டது. ஷிப்டுக்குப் போக வேண்டிய கம்பெனி பஸ் கூட இன்ஜினை அணைத்துவிட்டு நின்றது. தெருமுனையில் மூட்டையை அணைத்தபடி காளியம்மாள்.

“என்ன ராஜப்பண்ணா, முத்துவைக் காலி பண்ணச் சொல்லிடலாமா?” என்றார் திம்மப்பன்.

ராஜப்பன் குரல் இறங்கியிருந்தது. “கல்லு வாங்கறவரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஆட்டுக்கறியும் ரொட்டியும் போதும் போதும்னாலும் விடல. கூடப் பொறந்தவனாட்டம் பாத்துக்கிட்டாரு.”

“அது வீட்ல. பஸ்ஸுல?”

“சுரேந்தர் ஆபீசுக்குப் போனப்புறம் தெனமும் தனியா ஏறிப் பாத்தேன். ஏழு நாள்.”

சுடலைமுத்துவின் பக்கத்தில் பெஞ்சு எப்போதும்போல் காலியாகவே கிடந்தது.

ராஜப்பன் டீயை வாங்கினார். அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, இருபது வருஷத்தில் முதல் தடவையாக, சுடலைமுத்துவின் தோளில் தோள் இடிக்க உட்கார்ந்தார்.

“அத்தனையும் நெசந்தாம்பா. எம் பக்கத்துலயும் ஒருத்தரும் உக்காரல.”