கால் மாறும் நொண்டல்

மோப்பானி மரத்தடியில் லோய்டே நாய்க்குட்டியைச் சாய்த்துப் போட்டு, முன்னங்கால் எலும்பின் நடுவில் விரலால் அழுத்தினாள். கத்தியது.

மற்ற கால்களையும் அப்படியே அழுத்தினாள். பின்னங்கால் ஒன்றை அழுத்தியபோதும் கத்தியது.

நான் பக்கத்தில் நின்றேன். அடி பட்டிருக்கிறது என்று அவள் சொல்ல வேண்டும். அதற்குத்தான் காத்திருந்தேன்.

நாய் கொடுக்கும் அலுவலகத்துக்காரி அவள். சிறுத்தையைச் சுடாதீர்கள், ஆட்டைக் காக்க நாய் தருகிறோம் என்று சொல்லி, இரண்டு மாதக் குட்டியாக இதைக் கொண்டுவந்து விட்டவள். இப்போது ஏழு மாதம். அதற்குள் கிடாய் உயரம். அலுவலகக்காரர்களை நான் நம்புவதில்லை. நாய் நல்ல நாய்.

நான் இரண்டு வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் மணலில் தடம் படிப்பேன். எங்கள் ஹெரெரோ இனத்தில் எவனும் படிப்பான். என்னைப் போல எவனும் படிக்கமாட்டான்.

தினமும் சாயங்காலம் ஆடுகள் திரும்பியதும் குட்டியின் தடத்தைப் பார்ப்பேன். ஒரு வாரம் இடது முன்னங்கால் சரியாகப் பதியவில்லை. அடுத்த வாரம் அந்தக் கால் நன்றாகப் பதிந்தது, வலது பின்னங்கால் இழுத்திருந்தது. அப்புறம் இன்னொரு கால்.

முள் குத்தினால் ஒரே கால்தான் நொண்டும். சுளுக்கினாலும் அப்படித்தான். கால் மாறி மாறி நொண்டினால், மாறி மாறி அடி விழுகிறது. காட்டில் அதோடு இருப்பவன் ஒருத்தன்தான். மேய்ப்பன் சிகுண்டா.

ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். தொட்டதே இல்லை என்றான்.

"நீங்கதாம்ப்பா தீனி அதிகமா போடுறீங்க. குறைங்க. உடம்பு முந்துது, காலு தாங்கல."

குட்டிக்கு ஊற்றும் பால்மேல் இவனுக்குக் கண் என்று நினைத்தேன்.

"பொய்யனுக்கு இங்க இடமில்லடா. கம்பளியச் சுருட்டு."

பதினொரு வருஷம் என் ஆடுகளோடு நடந்தவன். சுருட்டிக்கொண்டு போனான். நாயை அடிக்கிறவன், வேலைக்குச் சேர்க்காதீர்கள் என்று சுற்றியிருக்கிற பட்டிகளுக்கெல்லாம் சொல்லியனுப்பினேன்.

லோய்டே எழுந்து கையைத் துடைத்தாள்.

"அடிதானே?" என்றேன்.

"அடியா? யாரும் அடிக்கல பெரியவரே. பெரிய ஜாதிக் குட்டி, வேகமா வளருது. எலும்புக்குள்ள வலி. இன்னைக்கு ஒரு கால்ல இருக்கும், கொஞ்ச நாள்ல வேற கால்ல இருக்கும். வளர்ந்து முடிஞ்சா தானாப் போயிடும். என்ன போடுறீங்க?"

"சோளக்களி. ஆட்டுப்பால். எலும்புத்தூள்."

"எவ்வளவு?"

"கேட்கிறப்பல்லாம்."

"நாய் வளர்க்கச் சொன்னா பன்னி வளர்த்திருக்கீங்க," என்று சிரித்தாள். "பாதியாக் குறைங்க. எலும்புத்தூள் வேண்டவே வேண்டாம். ரொம்ப தூரம் நடக்க விடாதீங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குட்டி எழுந்து, மூன்று காலில் வந்து என் முழங்காலில் சாய்ந்தது.

சொல்லியனுப்பியதை எப்படித் திருப்பி வாங்குவது? எத்தனை பட்டிக்கு நடப்பது? நடந்து போய் என்னவென்று சொல்வது?

அவள் வண்டிக் கதவைத் திறந்தாள். இது எப்போதும் வருகிற வருகை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"நல்ல ஆள் வச்சிருக்கீங்க பெரியவரே. செவ்வாய்க்கிழமை மத்தியானம் அலுவலகத்து வாசல்ல வந்து நின்னாரு. ரெண்டு நாள் நடையாம். குட்டிக்குக் கால் வலிக்குது, உடனே வந்து பாருங்கன்னாரு. தண்ணி மட்டும் வாங்கிக் குடிச்சாரு. உங்களப் பத்தி ஒரு வார்த்தை குறையாச் சொல்லல."

சுற்றிலும் பார்த்தாள்.

"எங்க அவரு? குட்டிக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுப் போறேன்."

"ஆட்டோட போயிருக்கான்," என்றேன்.

வீட்டுக்குப் பின்னால், நாலு நாளாக மேய்ச்சலுக்குப் போகாமல் பட்டியில் அடைந்து கிடந்த ஆடுகள் கத்தத் தொடங்கின.

லோய்டே அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.