மாமியாரின் மூன்றாம் முக்குளிப்பு

ஊருக்குக் கிளம்ப வேண்டிய காலையில், பெட்டியைக் கட்டச் சொன்ன மருமகளிடம் "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஒபெலியா நேராகப் போய்க் கடலுக்குள் இறங்கிவிட்டாள்.

முதலில் கிளம்ப வேண்டியிருந்த செவ்வாய்க்கிழமை ஒரு தடவை; பயணம் தள்ளிப்போனது. புதன்கிழமை ஒரு தடவை; மறுபடி தள்ளிப்போனது. இன்று மூன்றாவது.

முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போய் வந்தவர்கள் ஒரு முழு நாள் விமானம் ஏறக் கூடாது. ஏறினால் ரத்தத்தில் குமிழி கட்டி ஆளை முடக்கிப் போட்டுவிடும். முக்குளிப்பை நம்பிப் பிழைக்கும் இந்தக் கடலோர ஊரான தகங்காவில் இது சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. அறுபத்து மூன்று வயது ஒபெலியாவுக்குத் தெரியாமல் இல்லை.

விடுதிக்காரி நயீபேவுக்கு அடுப்படியில் கை ஓடவில்லை. முட்டை வைத்த சோள அடை எண்ணெயில் கருகியது.

ஒபெலியாவின் மகன் ஹெர்மானும் மருமகள் பிலாரும் அவளோடு தலைநகர் போகோட்டாவிலிருந்து வந்தவர்கள். போன வருடமே பதிவு செய்த விடுமுறை, வீணாக வேண்டாமே என்று வந்தார்கள். வந்ததும் ஆளுக்கொரு அறை கேட்டார்கள். நாளை, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஊரில் நோட்டரி முன்னால் விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றால்கூட, "அம்மா, அதைக் கொஞ்சம் தள்ளச் சொல்லுங்க" என்று ஒபெலியா வழியாகத்தான் கேட்பார்கள்.

குடும்பம் இரண்டாகப் பிளந்து நிற்கிற நேரத்தில், இந்த அம்மாளுக்கு மீன் பார்க்க வேண்டியிருக்கிறது.

முன்கூடத்திலிருந்து சத்தம் கேட்டது.

"நேத்து மாதா கோயிலுக்கு மெழுகுவத்தி ஏத்தப் போறேன்னு கிளம்பினப்பவே எனக்குச் சந்தேகம்தான்," என்றாள் பிலார். "நீங்கதான் 'போகட்டும் விடு'ன்னீங்க."

"நீச்சல் உடையை ஒளிச்சு வச்சது நான்தானே?" என்றான் ஹெர்மான்.

"எங்க? தலகாணிக்குக் கீழ. பெரிய துப்பறியும் நிபுணர்."

"சரி, அம்மா இங்கயே கிடக்கட்டும். நாம கிளம்பிடலாம்."

"தனியா விட்டுட்டா? போன வருஷம் ரெண்டு நாள் தனியா விட்டதுக்கு மூணு நாய்க்குட்டியோட வந்து நின்னாங்க. ஞாபகம் இருக்கா?"

"ஒண்ணு என் ஷூவுக்குள்ள தூங்கிச்சே."

நயீபே எட்டிப் பார்த்தாள். ஒரே ஃபோனில் இரண்டு தலையும் குனிந்து வேறு விமானம் தேடிக்கொண்டிருந்தன. பாவம், எவ்வளவு மனசு நொந்திருந்தால் பெற்ற தாயை இப்படி உட்கார்ந்து பேசுவார்கள்.

பின்வாசல் வழியாக நயீபேயின் புருஷன் எல்கின் ஈரத்தோடு உள்ளே வந்தான். முக்குளிக்க அழைத்துப் போகிறவன் அவன்தான்.

"உனக்கு அறிவிருக்கா?" என்று பாய்ந்தாள் நயீபே. "அந்தப் பிள்ளைங்க இன்னைக்குப் போயே ஆகணும்னு தெரியும்ல?"

"நான் என்னடி பண்றது? நான் போறதுக்கு முன்னாடியே வந்து படகுல உக்காந்துட்டாங்க. இறங்குங்கன்னா கம்பியைப் புடிச்சுக்கிட்டாங்க. தூக்கியா எறிய முடியும்?"

"வயசான காலத்துல என்ன மீன் பித்து."

"மீனா? கீழ போனதிலிருந்து மேல வர்ற வரைக்கும் கண்ணைத் திறக்கலை. மூணு நாளும் அப்படித்தான். என் கையைப் புடிச்ச புடியில ரத்தம் கட்டிப் போச்சு, பாரு."

கையைக் காட்டினான். நாலு விரல் தடம் நீலமாகத் தெரிந்தது.

அவன் சட்டை மாற்றப் போனதும் ஒபெலியா பூனை மாதிரி உள்ளே வந்தாள். முகத்தில் கண்ணாடி பதிந்த வட்டம். உதடு இன்னும் வெடவெடத்தது. நயீபே காப்பிக் கிண்ணத்தை நங்கென்று வைத்தாள்.

"அம்மா, நான் வெளியாள். சொல்லக் கூடாது. ஆனா சொல்லாம இருக்க முடியலை. அவங்க வாழ்க்கை எப்படியோ போகுது, நாளைக்கு அதை முடிச்சுக்கிட்டு நிம்மதியா இருக்கலாம்னு பாக்கிறாங்க. அதுக்கும் குறுக்க நிக்கிறீங்க. தண்ணின்னாலே உங்களுக்குப் பயமாம், எல்கின் சொல்றான். யாருக்கு வீம்பு காட்ட இப்படி இறங்குறீங்க? உங்க பிள்ளையும் மருமகளும் அங்க உங்களை எப்படித் திட்டுறாங்கன்னு தெரியுமா?"

ஒபெலியா காப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினாள். முன்கூடத்தில் ஹெர்மான் தன் தாய் படகேறுவதைப் போல நடித்துக் காட்டுகிறான் போல. பிலார் மூச்சு முட்டச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"இன்னும் திட்டுறாங்களா?"

"காலையிலேர்ந்து நிறுத்தவே இல்லை."

"ஆறு மாசமா அதுங்க ரெண்டும் ஒரு வார்த்தை பேசிக்கலை, நயீபே," என்றாள் ஒபெலியா. "இப்பப் பேசுதுங்க. நாளைக்குப் படகு எத்தனை மணிக்குன்னு உன் புருஷன்கிட்டக் கேட்டுச் சொல்லு."